சீனியர் நன்றாக ஆடும்போதே மாற்று ஆள் எதற்கு? அமெரிக்கன் ஃபுட்பாலில் ‘பெஞ்சில் வளரும்’ குவார்ட்டர்பேக்குகளின் கதை

2005 ஏப்ரல் 23. நியூயார்க்கில் என்.எஃப்.எல். லீக்கின் டிராஃப்ட் நடக்கிறது. கல்லூரியில் ஆடிவிட்டு வரும் வீரர்களை அமெரிக்கன் ஃபுட்பாலின் 32 அணிகளும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. முதல் ஆளாக அலெக்ஸ் ஸ்மித்தின் பெயர் வாசிக்கப்பட்டது. வயது 20. அவரை எடுத்தது சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ். 6 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 4.95 கோடி டாலர்.

முதலிடத்துக்கு அவரோடு சேர்த்துப் பேசப்பட்ட இன்னொருவர், ஆரோன் ராட்ஜர்ஸ், பின்னறையில் கோட் சூட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பெயராகப் போகிறது, அவர் பெயர் மட்டும் வரவில்லை. டிவி கேமரா வேறு அவர் முகத்தையே சுற்றிச் சுற்றிக் காட்டியது. 4 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த பிறகு, 24-வது ஆளாக கிரீன் பே பேக்கர்ஸ் அணி அவரை எடுத்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த அணிக்கு ஏற்கெனவே ஒரு குவார்ட்டர்பேக் இருந்தார். சாதாரண ஆளும் இல்லை, 3 முறை லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கிய பிரெட் ஃபார்வ். 1992 செப்டம்பரில் தொடக்க வீரராக இறங்கியவர், அதன்பிறகு ஒரு போட்டியைக்கூடத் தவறவிடவில்லை.

ஆக, ஒரே நாளில் இரண்டு இளைஞர்கள், இரண்டு வெவ்வேறு பாதைகள். ஒருவருக்கு உடனே வேலை. இன்னொருவருக்கு 3 வருஷம் பெஞ்ச். அன்றிலிருந்து இன்றுவரை என்.எஃப்.எல்.லில் ஓயாத ஒரு விவாதத்துக்கு இந்த இரண்டு பேரும்தான் முதல் உதாரணம்: நன்றாக ஆடும் சீனியர் இருக்கும்போது, அவருக்குப் பின்னால் ஓர் இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்து வளர்ப்பது புத்திசாலித்தனமா, வீண் செலவா?

முதலில், டிராஃப்ட் என்றால் என்ன?

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். இங்கே ஏலம் கிடையாது. முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. சூப்பர் பவுல் வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. மொத்தம் 7 சுற்றுகள். வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம். எந்த ஊருக்குப் போக விருப்பம் என்று வீரரை யாரும் கேட்பதில்லை.

இதில் முதல் சுற்று வாய்ப்பு என்பது தங்கம். ஆண்டுக்கு ஒன்றுதான் கிடைக்கும். அதில் எடுக்கும் ஆள் அந்த ஆண்டே களத்தில் இறங்கி உதவ வேண்டும் என்றுதான் ரசிகர்கள் எதிர்பார்ப்பார்கள். அதைக் கொண்டுபோய், 2 அல்லது 3 ஆண்டுகள் தொப்பி போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கப்போகும் ஒருவருக்குச் செலவழித்தால் கோபம் வரத்தானே செய்யும்?

பெஞ்சில் உட்கார்ந்து என்னதான் கற்பார்கள்?

குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வீசுபவர் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். வீசுவது வேலையின் கடைசிப் பகுதி. அதற்கு முன் நடப்பது இது: ஆட்ட உத்தியைக் கோச் ஹெல்மெட்டில் உள்ள சின்ன ஸ்பீக்கர் வழியாகச் சொல்வார். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். ஒரு முழு வாக்கியம் நீளத்துக்குச் சங்கேதச் சொற்களாக இருக்கும் அந்த உத்தியைச் சக வீரர்கள் 10 பேருக்கும் பிசகில்லாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் அந்த இடத்திலேயே உத்தியை மாற்ற வேண்டும். பந்து கைக்கு வந்த பிறகு முடிவெடுக்கக் கிடைப்பது சுமார் 3 விநாடி. அதற்குள் 130 கிலோ ஆட்கள் நாலு பேர் மேலே பாய்ந்துகொண்டிருப்பார்கள்.

கல்லூரி ஆட்டத்தில் இதில் பாதி கிடையாது. பல கல்லூரிகளில் கோச் ஓரத்திலிருந்து கையசைவிலும் படம் வரைந்த அட்டையிலும் உத்தியைச் சொல்லிவிடுவார். வீரர்களை வட்டமாகக் கூட்டி நீளமாகப் பேசவே வேண்டியதில்லை. டெக்சாஸ் டெக் கல்லூரியில் ஆடிய பேட்ரிக் மஹோம்ஸ் அப்படிப்பட்ட வேக ஆட்ட முறையில் வளர்ந்தவர்தான். கை பலம் அசாத்தியம். ஆனால் என்.எஃப்.எல். பாணியில் அந்த நீளமான வாக்கியங்களைச் சொல்லிப் பழகியவர் இல்லை.

பெஞ்சில் இருக்கும் இளைஞருக்கு இதையெல்லாம் பழக நேரம் கிடைக்கிறது. வாரம் முழுக்க வீடியோ பார்க்கும் அறையில் சீனியரோடு உட்கார்ந்திருப்பார். பயிற்சியில், அந்த வார எதிரணியின் குவார்ட்டர்பேக் போல வேஷம் கட்டி, தன் அணியின் தற்காப்பு வீரர்களுக்கு எதிராக ஆடிக் காட்டுவார். தப்பு செய்தாலும் ஸ்கோர்போர்டில் ஏறாது என்பதுதான் அதில் பெரிய வசதி.

குறையும் உண்டு. முதல் அணியோடு பயிற்சி செய்யும் வாய்ப்பு கிட்டத்தட்ட முழுவதும் சீனியருக்கே போய்விடும். 2011-ல் வீரர்கள் சங்கத்துக்கும் லீக்குக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு பயிற்சியின் அளவும் சுருங்கிவிட்டது. முழுக் கவசம் போட்டு நடத்தும் பயிற்சி சீசனுக்கு 14 நாள்தான். சீசனுக்கு முந்தைய பயிற்சிப் போட்டிகள் 2021 முதல் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தன. ஆகவே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால் மட்டும் ஆள் வளர்ந்துவிடுவதில்லை. யாராவது மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அந்த யாராவது, சீனியராக இருக்க வேண்டுமா?

ஐ.டி. கம்பெனியில் ‘உனக்கு அடுத்து வர்றவருக்கு கே.டி. கொடு’ என்று சொன்னதும் சீனியரின் முகம் போகும் போக்கு பலருக்கும் தெரியும். ஃபார்வ் விஷயத்தில் அது ஒளிவுமறைவு இல்லாமலே நடந்தது. ராட்ஜர்ஸைத் தயார்படுத்துவது தன் ஒப்பந்தத்தில் இல்லை என்ற பொருளில் அவர் பேசியது அப்போதே செய்தியானது. இரக்கமில்லாத பேச்சாகத் தெரியலாம். ஆனால் 35 வயதில், அணி இன்னும் வென்றுகொண்டிருக்கும்போது, தன் நாற்காலிக்கு ஆள் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

ராட்ஜர்ஸுக்கு உண்மையில் பாடம் நடத்தியவர்கள் கோச்சுகள். 2006-ல் மைக் மெக்கார்த்தி தலைமைக் கோச்சாக வந்தார். சீசன் இல்லாத மாதங்களில் குவார்ட்டர்பேக்குகளுக்கென்றே தனி வகுப்பு வைப்பது அவர் வழக்கம். குவார்ட்டர்பேக் கோச்சாக டாம் கிளெமென்ட்ஸ் அதே ஆண்டு சேர்ந்தார். பந்தைக் காதருகே உயரமாகப் பிடிக்கும் ராட்ஜர்ஸின் கல்லூரிக் காலப் பழக்கம்கூட இந்த ஆண்டுகளில் மாறியது.

2005 முதல் 2007 வரை 3 சீசன்களில் ராட்ஜர்ஸ் போட்டியில் வீசிய பந்துகள் மொத்தம் 59. ஃபார்வ் அதை 2 போட்டிகளில் வீசிவிடுவார். 2007 நவம்பரில் டல்லஸ் கவ்பாய்ஸுக்கு எதிராக ஃபார்வ் காயப்பட்டு வெளியேற, உள்ளே வந்த ராட்ஜர்ஸ் 26 பாஸ்களில் 18-ஐச் சரியாகச் சேர்த்தார். அந்தப் போட்டியில் பேக்கர்ஸ் தோற்றது. ஆனால் ஆள் தயார் என்று அணி நிர்வாகத்துக்குப் புரிந்த இரவு அதுதான்.

2008 மார்ச்சில் ஃபார்வ் கண்ணீரோடு ஓய்வு அறிவித்தார். கோடையில் ‘திரும்பி வரேன்’ என்றார். ஜெனரல் மேனேஜர் டெட் தாம்ப்சன் மசியவில்லை. ஃபார்வை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பினார். ஊரே இரண்டுபட்டது. சொந்த ரசிகர்களே பயிற்சி மைதானத்தில் ராட்ஜர்ஸைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். அந்த சீசனில் ராட்ஜர்ஸ் 4,000 கெஜத்துக்கு மேல் வீசியும் பேக்கர்ஸ் 6 வெற்றி, 10 தோல்வி. போதாக்குறைக்கு 2009-ல் ஃபார்வ் பரம எதிரி மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் போய், பழைய அணியை இரண்டு முறை தோற்கடித்தார். இவ்வளவுக்கும் நிர்வாகம் அசையாமல் இருந்ததற்குப் பலன் 2011 பிப்ரவரியில் கிடைத்தது: பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை 31-25 என்று வென்று சூப்பர் பவுல். ஆட்ட நாயகன் ராட்ஜர்ஸ்.

கிணற்றில் தள்ளப்பட்டவர்

நீச்சல் பழக இரண்டு வழி உண்டு. முதுகில் சுரைக்குடுக்கை கட்டி மெல்ல இறக்கிவிடுவது ஒன்று. பின்னாலிருந்து கிணற்றில் தள்ளிவிடுவது இன்னொன்று. அலெக்ஸ் ஸ்மித் இரண்டாவது ரகம்.

முந்தைய சீசனில் 2 வெற்றி, 14 தோல்வி என்று கிடந்த அணி அவரை எடுத்தது. முதல் ஆண்டே களமிறக்கப்பட்டார். 1 டச் டவுன், 11 இன்டர்செப்ஷன். அதாவது, சரியாகப் போய்ச் சேர்ந்து புள்ளி பெற்றுத் தந்த பாஸ் ஒன்று, எதிரணி கையில் போய் விழுந்த பாஸ் 11. அடுத்தடுத்த ஆண்டுகளில் அவருக்கு ஆட்ட உத்தி வகுக்கும் கோச் மாறிக்கொண்டே இருந்தார். முதல் 4 ஆண்டுகளில் 4 பேர். ஒவ்வொருவரும் புதுப் புத்தகம், புதுச் சங்கேதச் சொற்கள். அந்த நால்வரில் முதல்வர் யார் தெரியுமா? மைக் மெக்கார்த்தி. ஓராண்டு ஸ்மித்தோடு இருந்துவிட்டு, கிரீன் பேவுக்குப் போய் ராட்ஜர்ஸை வளர்த்த அதே மெக்கார்த்தி.

‘பார்த்தீர்களா, காத்திருந்தவர் ஜெயித்தார், அவசரப்பட்டவர் கெட்டார்’ என்று இந்தக் கதையை முடித்துவிடுவது சுலபம். டிவி நிபுணர்கள் 20 ஆண்டுகளாக அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. முதல் ஆளாக எடுக்கப்படுபவர் எப்போதும் மோசமான அணிக்குத்தான் போவார், விதியே அதுதான். 24-வதாக எடுக்கப்படுபவர் ஓரளவு நல்ல அணிக்குப் போவார். ராட்ஜர்ஸை எடுத்தபோது பேக்கர்ஸ் 10 வெற்றி பெற்ற அணி. சீனியர் நன்றாக ஆடுகிறார் என்றாலே அந்த வீடு ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். எனவே பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் வெற்றியில் எவ்வளவு பெஞ்சுக்குச் சேரும், எவ்வளவு அந்த வீட்டுக்குச் சேரும் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

தள்ளிவிட்டும் நீந்தியவர்கள் இருக்கிறார்கள். பெய்டன் மேனிங் 1998-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, அந்த ஆண்டே 16 போட்டிகளிலும் ஆடினார். 28 இன்டர்செப்ஷன், 3 வெற்றி, 13 தோல்வி. அடுத்த ஆண்டு அதே அணி 13 வெற்றி, 3 தோல்வி. சி.ஜே. ஸ்ட்ரௌட் 2023-ல் ஹியூஸ்டன் டெக்சன்ஸுக்கு முதல் போட்டியிலிருந்தே ஆடி, அணியை பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனார்.

காத்திருந்தும் மூழ்கியவர்களும் உண்டு. டென்வர் பிராங்கோஸ் 2012-ல் இரண்டாம் சுற்றில் எடுத்த பிராக் ஆஸ்வைலர், அதே மேனிங்குக்குப் பின்னால் 3 சீசன்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தார். இதைவிட நல்ல ஆசான் கிடைப்பாரா? 2015-ல் மேனிங் காயப்பட்டபோது 7 போட்டிகளில் 5-ஐ வென்று கொடுத்தார். அதை நம்பி ஹியூஸ்டன் 4 ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. ஒரே ஆண்டில் வெறுத்துப்போய், ‘இவரையும் இவர் சம்பளத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு இரண்டாம் சுற்று வாய்ப்பையும் தருகிறோம்’ என்று கிளீவ்லாண்ட் அணியிடம் தள்ளிவிட்டது. சீர்வரிசையோடு அனுப்பி வைத்த கதைதான்.

அதே ஸ்மித், இந்த முறை சீனியராக

2012-ல் ஸ்மித்துக்கு ஒருவழியாக எல்லாம் கூடிவந்தது. அணி ஜெயித்துக்கொண்டிருந்தது. தலையில் அடிபட்டு வெளியே உட்கார்ந்தார். உள்ளே வந்த இளைஞர் காலின் கேப்பர்னிக் அணியை சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். ஸ்மித்துக்கு இடம் திரும்பக் கிடைக்கவில்லை. 2013-ல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு மாற்றப்பட்டார்.

அங்கே கோச் ஆண்டி ரீட். 1990-களில் பேக்கர்ஸில் உதவிக் கோச்சாக இருந்தவர், ஃபார்வுக்கே குவார்ட்டர்பேக் கோச்சாக இருந்தவர். அவர் கையில் ஸ்மித் நிதானமான, தவறு செய்யாத குவார்ட்டர்பேக்காக மாறினார். 2016-ல் சீஃப்ஸ் 12 வெற்றி, 4 தோல்வி. ஆனால் பிளே-ஆஃபில் வந்தால் ஒரு படி குறையும். நல்லவர், ஆனால் இவரால் கோப்பை வருமா என்ற கேள்வி கான்சஸ் சிட்டியில் எழுந்துகொண்டே இருந்தது.

2017 டிராஃப்டில் சீஃப்ஸின் வாய்ப்பு 27-வது. அதோடு ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும், அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பையும் சேர்த்து பஃபலோ பில்ஸிடம் கொடுத்து, 10-வது இடத்துக்கு ஏறினார்கள். எடுத்தது மஹோம்ஸை. அந்த முடிவில் பங்கிருந்த ஜெனரல் மேனேஜர் ஜான் டோர்சியும் பல ஆண்டு பேக்கர்ஸில் வேலை பார்த்தவர்தான். கிரீன் பேயின் பழக்கம் எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள்.

இந்த இடத்தில் ஸ்மித் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். ஒருமுறை இளைஞர் ஒருவரிடம் இடத்தை இழந்தவர், இப்போது இரண்டாவது முறை. அவர் அப்படிச் செய்யவில்லை. வாரத்தில் எந்த நாள் என்ன படிக்க வேண்டும், எதிரணியின் வீடியோவை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் பக்கத்திலேயே இருந்து பார்க்க விட்டார். போட்டிக்கு எப்படித் தயாராவது என்பதை ஸ்மித்திடம்தான் கற்றேன் என்று மஹோம்ஸ் பலமுறை பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். கூடவே, 2017-ல் ஸ்மித் தன் வாழ்க்கையிலேயே சிறந்த சீசனை ஆடினார்: 26 டச் டவுன், 5 இன்டர்செப்ஷன் மட்டுமே. பாஸ் மதிப்பீட்டில் லீக்கிலேயே முதலிடம்.

மஹோம்ஸ் அந்த ஆண்டு ஆடியது கடைசி வாரம் ஒரே ஒரு போட்டி, டென்வருக்கு எதிராக. பிளே-ஆஃப் இடம் உறுதியாகிவிட்டதால் ஸ்மித்துக்கு ஓய்வு. 27-24 என்று சீஃப்ஸ் வென்றது. சீசன் முடிந்ததும் ஸ்மித் வாஷிங்டனுக்கு மாற்றப்பட்டார். 2018-ல் மஹோம்ஸ் 50 டச் டவுன் பாஸ்கள் வீசி, லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கினார். 2020, 2023, 2024 பிப்ரவரிகளில் 3 சூப்பர் பவுல்களும் வந்து சேர்ந்தன.

வாஷிங்டனில் 2018 நவம்பரில் ஸ்மித்தின் கால் உடைந்தது. தொற்று பரவி, 17 அறுவை சிகிச்சைகள். 2020-ல் மறுபடி களத்துக்கு வந்தார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

பேக்கர்ஸ் மறுபடியும் அதையே செய்தது

2020 ஏப்ரல் 23. ராட்ஜர்ஸ் எடுக்கப்பட்ட அதே தேதி, 15 ஆண்டுகள் கழித்து. கொரோனா காலம், டிராஃப்ட் ஆன்லைனில். முந்தைய சீசனில் பேக்கர்ஸ் 13 வெற்றி, சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால் தோல்வி. ராட்ஜர்ஸுக்கு வயது 36. அவர் வீசும் பந்தைப் பிடிக்க இன்னொரு நல்ல ரிசீவர் வந்தால் போதும் என்று ஊரே சொன்னது. ஜெனரல் மேனேஜர் பிரையன் குட்டகன்ஸ்ட், 30-வது இடத்திலிருந்து 26-க்கு ஏற ஒரு நான்காம் சுற்று வாய்ப்பையும் கொடுத்து, யூட்டா ஸ்டேட் கல்லூரியின் குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ்வை எடுத்தார். அந்த டிராஃப்டில் பேக்கர்ஸ் ஒரு ரிசீவரைக்கூட எடுக்கவில்லை. டீ ஹிக்கின்ஸ் 33-வதாகவும், மைக்கேல் பிட்மன் 34-வதாகவும் வேறு அணிகளுக்குப் போனார்கள்.

ராட்ஜர்ஸ் என்ன செய்தார்? அந்த சீசனில் 48 டச் டவுன் வீசி லீக்கின் சிறந்த வீரரானார். அடுத்த ஆண்டும் அதே விருது. வயதாகிவிட்டது என்று கணக்குப் போட்டவர்களின் கணக்கு தப்பியது. ஆனால் 2021 ஜனவரியில், சூப்பர் பவுலுக்கு முந்தைய போட்டியில், டாம்பா பே அணியிடம் 31-26 என்று பேக்கர்ஸ் தோற்றது. 5 புள்ளி வித்தியாசம். அந்த முதல் சுற்று வாய்ப்பில் வந்த லவ் அந்த சீசன் முழுவதும் ஒரு பந்துகூட வீசவில்லை. ஒரு ரிசீவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்களா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. விஸ்கான்சினில் இன்றும் இந்தச் சண்டை ஓயவில்லை என்றால் ஆச்சரியமில்லை. எதிர்காலத்துக்காகச் சேமிக்கும் ஒவ்வொரு முதல் சுற்று வாய்ப்பும் நிகழ்காலத்தின் பாக்கெட்டிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

லவ்வின் காத்திருப்பும் சுலபமாக இல்லை. முதல் ஆண்டு கொரோனாவால் பயிற்சிப் போட்டிகளே ரத்து. 2021 நவம்பரில் ராட்ஜர்ஸுக்குக் கொரோனா வந்ததால் கிடைத்த ஒரே தொடக்க வாய்ப்பில், மஹோம்ஸின் சீஃப்ஸிடம் 13-7 என்று தோல்வி. ‘இவரா அடுத்த ஆள்?’ என்று கேலி செய்தார்கள். 2022-ல் பேக்கர்ஸ் ஒரு காரியம் செய்தது. ராட்ஜர்ஸை வளர்த்த டாம் கிளெமென்ட்ஸை மறுபடி குவார்ட்டர்பேக் கோச்சாக அழைத்து வந்தது.

2023 ஏப்ரலில் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸுக்கு மாற்றப்பட்டார். ஆமாம், ஃபார்வ் போன அதே ஜெட்ஸ். அங்கே முதல் போட்டியில், தன் நான்காவது ஆட்டத்திலேயே குதிகால் நரம்பு அறுந்து சீசன் முடிந்தது. கிரீன் பேயில் லவ் தடுமாறித்தான் தொடங்கினார்: முதல் 7 போட்டிகளில் 2 வெற்றி. மீதி 10-ல் 7 வெற்றி. சீசன் முடிவில் 4,159 கெஜம், 32 டச் டவுன். பிளே-ஆஃபில் டல்லஸைச் சொந்த மண்ணிலேயே 48-32 என்று தோற்கடித்தார். 2024 ஜூலையில் 4 ஆண்டுக்கு 22 கோடி டாலர் ஒப்பந்தம்.

காத்திருப்பு ஏன் இப்போது விலை அதிகம்?

ராட்ஜர்ஸ் உட்கார்ந்திருந்த காலத்துக்கும் லவ் உட்கார்ந்திருந்த காலத்துக்கும் நடுவில் கணக்கே மாறிவிட்டது. 2010-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 5 கோடி உறுதி. 2011-ல் புதுமுகச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. அந்த ஆண்டு முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடிதான்.

இதனால் நல்ல இளம் குவார்ட்டர்பேக் லீக்கிலேயே பெரிய ‘ஆஃபர்’ ஆகிவிட்டார். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஆண்டு வரம்பு உண்டு. 2024-ல் அது 25.54 கோடி டாலர். லவ்வின் முதல் 4 ஆண்டு ஒப்பந்தம் முழுவதற்குமே 1.24 கோடிதான். இப்போது ஆண்டுக்குச் சராசரி 5.5 கோடி. குவார்ட்டர்பேக் மலிவாக இருக்கும் ஆண்டுகளில் மிச்சமாகும் பணத்தில் தற்காப்பு வீரர்களையும் ரிசீவர்களையும் வாங்கிக் குவிக்கலாம். மூன்றாம் சுற்றில் எடுத்த ரஸல் வில்சனை முதல் ஆண்டே ஆட வைத்து, அவர் சொற்பச் சம்பளத்தில் இருக்கும்போதே சியாட்டில் சீஹாக்ஸ் 2014 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்றது இப்படித்தான்.

பெஞ்சில் 3 ஆண்டு உட்கார வைத்தால் அந்த மலிவு ஆண்டுகள் அப்படியே கரைந்துபோகும். அதுவும் பக்கத்தில் சீனியருக்கு முழுச் சம்பளம் கொடுத்துக்கொண்டே. லவ் விஷயத்தில் பேக்கர்ஸ் செலுத்திய பெரிய விலை இதுதான். ஆள் நல்லவர் என்று தெரியவந்த அடுத்த கோடையிலேயே பெரிய தொகை எழுத வேண்டியதாயிற்று.

ஓய்வு பெறாத சீனியர் இன்னொரு சிக்கல். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 2014-ல், டாம் பிரேடிக்கு 36 வயதானபோது, இரண்டாம் சுற்றில் ஜிம்மி கரோபலோவை எடுத்தது. பிரேடி வயதாக மறுத்துவிட்டார். 2015-லும் 2017-லும் சூப்பர் பவுல் வென்றார். ஒப்பந்தம் முடியும் தறுவாயில் கரோபலோவை 2017 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்புக்கு மாற்றிவிட்டார்கள். வாங்கிய விலைக்கே விற்ற மாதிரி. ஆனால் பிரேடி கிளம்பிய 2020-ல் கையில் வாரிசு யாரும் இல்லை.

அட்லாண்டா ஃபால்கன்ஸ் செய்தது இன்னும் விசித்திரம். 2024 மார்ச்சில் கிர்க் கசின்ஸுக்கு 4 ஆண்டுக்கு 18 கோடி டாலர், அதில் 10 கோடி உறுதி. ஆறு வாரம் கழித்து, 8-வது ஆளாக மைக்கேல் பெனிக்ஸ் என்ற குவார்ட்டர்பேக். கசின்ஸ் திகைத்துப்போனார். டிசம்பரில் அவரே பெஞ்சுக்குப் போய், பெனிக்ஸ் உள்ளே வந்தார். பிளே-ஆஃப் கிடைக்கவில்லை. முழு விலை கொடுத்துச் சீனியரையும் வாங்கி, முதல் சுற்றில் ஜூனியரையும் வாங்கினால் இரண்டு பக்கமும் இழுக்கும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டிய விஷயம்.

மலிவான ஒரு வழியும் இருக்கிறது

முதல் சுற்றைத் தொடாமலே இதைச் செய்தவர் ரான் வுல்ஃப். 1990-களில் பேக்கர்ஸின் ஜெனரல் மேனேஜர். ஃபார்வ் ஒரு போட்டியைக்கூடத் தவறவிடாத அந்தக் காலத்திலேயே, கடைசிச் சுற்றுகளில் குவார்ட்டர்பேக்குகளை எடுத்துக்கொண்டே இருந்தார். ஐந்தாம் சுற்றில் மார்க் புரூனல், நான்காம் சுற்றில் ஆரோன் புரூக்ஸ், ஆறாம் சுற்றில், 187-வது ஆளாக, மாட் ஹாசல்பெக். இவர்களுக்கு கிரீன் பேயில் இடம் கிடைக்கவே போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஃபார்வ் ஆடுவதைப் பார்த்தார்கள், நல்ல கோச்சுகளிடம் படித்தார்கள், பிறகு மற்ற அணிகளுக்கு டிராஃப்ட் வாய்ப்புகளுக்குப் பதிலாக விற்கப்பட்டார்கள். மூவருமே போன இடத்தில் தொடக்க வீரர்கள். ஹாசல்பெக் சியாட்டிலை 2006 பிப்ரவரியில் சூப்பர் பவுலுக்கே கொண்டுபோனார். கடைசிச் சுற்று ஆள் தேறவில்லை என்றால் நஷ்டம் சொற்பம். தேறிவிட்டால் லாபம் அல்லது காப்பீடு. எளிமையான கணக்கு, ஆனாலும் இதை அவர் அளவுக்கு விடாமல் செய்த அணிகள் குறைவு.

இதற்கிடையே, ராட்ஜர்ஸ் தொடர்ந்து ஆடினார். ஜெட்ஸில் இரண்டு கசப்பான சீசன்களுக்குப் பிறகு, 2025 ஜூனில், 41 வயதில், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸோடு ஓராண்டு ஒப்பந்தம் போட்டார். 2011-ல் சூப்பர் பவுலில் அவர் தோற்கடித்த அதே அணி. அதற்குச் சில வாரம் முன்புதான், ஏப்ரல் டிராஃப்டில், ஓஹையோ ஸ்டேட்டுக்குத் தேசியப் பட்டம் வென்று கொடுத்த வில் ஹோவர்ட் என்ற குவார்ட்டர்பேக்கை ஸ்டீலர்ஸ் எடுத்திருந்தது. ஆறாம் சுற்று, 185-வது ஆள். ஹாசல்பெக்கை விட இரண்டு இடம் முன்னால்.